நான்கரை வருஷம் இழுத்த அலெப்போ சண்டை, மூன்றே நாளில் கைமாறியது எப்படி?

கேள்வி இதுதான்: சிரியாவின் அலெப்போ நகருக்காக அரசுப்படையும் கிளர்ச்சியாளர்களும் 2012 ஜூலையிலிருந்து 2016 டிசம்பர் வரை தெருத்தெருவாக மோதினார்கள். அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த ஊரை 2024 நவம்பர் கடைசியில் அதே அரசுப்படை மூன்று நாளில் விட்டுவிட்டு ஓடியது. அதே ஊர், அதே தெருக்கள், கட்டடங்களும் அதேதான். அப்படியானால் முதல் தடவை மட்டும் ஏன் அவ்வளவு இழுத்தது?

சுருக்கமான பதில்: அலெப்போவின் சண்டையை ஊருக்குள் யாரும் ஜெயிக்கவே இல்லை. ஊருக்குள் வரும் நாலைந்து சாலைகள் யார் கையில் இருக்கின்றன, அந்தச் சாலைகளில் காவல் நிற்க வெளியிலிருந்து யார் ஆள் அனுப்புகிறார்கள், இவ்வளவுதான் கணக்கு. 2016-ல் அன்றைய சிரிய அதிபர் அசாத்தின் அரசுக்கு இரண்டும் இருந்தது. 2024-ல் சாலை இருந்தது, அதில் நிற்க ஆள் இல்லை. இனி விரிவாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஊர் இருக்கும் இடம். வடமேற்கு சிரியா, துருக்கி எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். போருக்கு முன் இருபது லட்சம் பேருக்கு மேல் இருந்த, நாட்டின் மிகப் பெரிய நகரம். அதிகாரம் தலைநகர் டமாஸ்கஸில் என்றால் காசு அலெப்போவில்: ஜவுளி, மருந்துத் தொழிற்சாலைகள், ஆலிவ் எண்ணெயும் லாரல் எண்ணெயும் கலந்து காய்ச்சும் பேர்பெற்ற சோப்பு, வடகிழக்கே ஷேக் நஜ்ஜார் என்ற பெரிய தொழிற்பேட்டை. தெற்கே எம்-5 நெடுஞ்சாலை ஹமா, ஹோம்ஸ் வழியாக டமாஸ்கஸுக்குப் போகிறது. மேற்கே லத்தாகியா துறைமுகப் பக்கம் எம்-4. வடக்கே அஸாஸ் வழியாகத் துருக்கி. கிழக்கே அல் பாப் தாண்டினால் யூப்ரடீஸ் ஆறு. எல்லையை ஒட்டி ஒரு மாற்று அரசாங்கம் அமைக்க வேண்டும் என்று கிளர்ச்சியாளர்கள் நினைத்தால் அதற்குத் தலைநகராகத் தாங்கக்கூடிய ஊர் இது ஒன்றுதான். 2011-ல் லிபியக் கிளர்ச்சிக்கு பெங்காசி நகரம் தலைமையிடமாகக் கிடைத்ததை டமாஸ்கஸில் இருந்தவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2013-ல் ரக்கா போனது, 2015-ல் இத்லிப் நகரம் போனது, இரண்டையும் அசாத் பொறுத்துக்கொண்டார். அலெப்போவின் பாதியை மட்டும் என்ன ஆனாலும் விடவில்லை.

சண்டை எப்படித் தொடங்கியது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் பல கோளாறுகளுக்கு வேர் அங்கேதான். 2011 மார்ச்சில் தெற்கே தரஆ நகரில் அரசை எதிர்த்துப் போராட்டம் வெடித்து ஒரு வருஷம் தாண்டியும் அலெப்போ பெரிதாகக் கொதிக்கவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் இறங்கினார்கள், அடியும் வாங்கினார்கள். வியாபாரிகளும் வசதியான குடும்பங்களும் ஒதுங்கியே நின்றார்கள். கொதித்ததெல்லாம் சுற்றுவட்டாரக் கிராமங்கள். 2012 ஜூலை 18 அன்று டமாஸ்கஸில் நடந்த குண்டுவெடிப்பில் பாதுகாப்பு அமைச்சர் தாவூத் ராஜிஹாவும் அசாத்தின் அக்கா கணவர் ஆசிஃப் ஷவ்கத்தும் செத்தார்கள். அரசு இன்றைக்கோ நாளைக்கோ என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் வடக்குக் கிராமங்களின் ஆயுதக் குழுக்கள் நகருக்குள் நுழைந்தன. அவற்றில் பெரியது லிவா அத் தவ்ஹீத். அதன் தளபதிகளில் பேர் வாங்கிய அப்துல் காதர் ஸாலிஹ், மாரியா என்ற சின்ன ஊரில் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்.

கிழக்குப் பக்கத்து ஏழைக் குடியிருப்புகள் சில நாளில் அவர்கள் கைக்கு வந்துவிட்டன, அங்கே இருந்தவர்களில் பலர் அதே கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த சொந்தக்காரர்கள்தான். மேற்கே போகப் போக வேகம் செத்துவிட்டது. தென்மேற்கில் ஸலாஹுத்தீன் பகுதி வாரக்கணக்கில் கைமாறிக் கைமாறி அங்கேயே உறைந்து போனது. ஊர் இரண்டானது: மேற்கு அரசிடம், கிழக்கு கிளர்ச்சியாளர்களிடம், நடுவில் பழைய நகரம். பழைய நகரத்துக்கு நடுவே மேட்டில் நிற்கும் கோட்டையை அரசுப்படை கடைசி வரை விடவில்லை. யுனெஸ்கோ 1986-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய நகரத்தின் கடைத்தெரு 2012 செப்டம்பர் கடைசியில் பற்றி எரிந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று உமய்யா மசூதியின் மினார் சரிந்தது. இரண்டு தரப்பும் மற்றவர்தான் இடித்தார் என்றார்கள்.

நுழைந்தவர்களின் கணக்கு, நாம் உள்ளே வந்தால் ஊர் தானாக எழும் என்பது. ஊர் எழவில்லை. நான் இதை முதல் தவறு என்பேன்: இருபது லட்சம் பேர் உள்ள ஊரைப் பாதி பிடித்துவிட்டு, மீதிப் பாதியைப் பிடிக்க ஆளும் இல்லாமல், பிடித்த பாதியை நிர்வகிக்கத் திட்டமும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டார்கள். ஷேக் நஜ்ஜார் தொழிற்சாலை இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய் விற்ற குழுக்களும் இருந்தன. அலெப்போ வியாபாரி அதை மன்னிக்கவே இல்லை.

பாதி பாதியாகப் பிளந்த ஊரில் வாழ்க்கை எப்படி நடந்தது என்பதற்கு புஸ்தான் அல் கஸ்ர் என்ற இடத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு பகுதிக்கும் நடுவே ஜனங்கள் கடந்துபோக இருந்த முக்கிய வழி அது, மரணக் கடவை என்றே பேர். கிழக்கில் குடியிருந்த அரசு ஊழியர் மேற்கே போய்த்தான் சம்பளம் வாங்க வேண்டும். கல்லூரி மாணவருக்குத் தேர்வு மேற்கில். மேற்கில் இருப்பவருக்குக் கிழக்கில் காய்கறி விலை குறைவு. கிராமங்கள் அந்தப் பக்கம்தானே. இதற்காகத் தினமும் ஆயிரக்கணக்கானோர் பையும் மூட்டையுமாக ஸ்னைப்பர் கண்ணில் படும் ஒரு வெட்டவெளியை ஓடிக் கடந்தார்கள். 2013 ஜூலையில் கிளர்ச்சியாளர்கள் மேற்குப் பகுதிக்குச் சாப்பாட்டுப் பொருள் எடுத்துப்போகக் கூடாது என்று அங்கே தடை போட்டபோது, கிழக்கில் குடியிருந்தவர்களே அதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். எதிர்ப்பக்கம் இருப்பது அவர்களுடைய அண்ணன் தம்பி, அத்தை மாமா. 2014-ல் அந்த வழியையும் மூடிவிட்டார்கள். அதன் பிறகு நடந்தால் சில நிமிடத்தில் போய்விடக்கூடிய அடுத்த தெருவுக்கு, பாலைவனத்தைச் சுற்றிக்கொண்டு, பல சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பஸ்ஸில் பத்து மணி நேரத்துக்கும் மேல் போக வேண்டியதாயிற்று.

தண்ணீர் கதை இன்னும் விசித்திரம். நகரத்துக்குத் தண்ணீர் வருவது யூப்ரடீஸ் கரையிலுள்ள அல் கஃப்ஸா நிலையத்திலிருந்து. 2014-க்குப் பிறகு அது ஐஎஸ், அதாவது இஸ்லாமிய அரசு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட தீவிரவாத அமைப்பின் கையில். அங்கிருந்து வரும் தண்ணீரை ஊருக்குள் ஏற்றி அனுப்பும் சுலைமான் அல் ஹலபி பம்பிங் ஸ்டேஷன் கிளர்ச்சியாளர் பக்கத்தில், போர்முனைக்கு ஒட்டினாற்போல். குடிக்கும் வாய்களில் பெரும்பான்மை அரசுப் பகுதியில். ஆக ஒரு குடம் தண்ணீர் வீட்டுக்கு வர மூன்று எதிரிகளும் சம்மதிக்க வேண்டும். இவ்வளவு பகையிலும் பெரும்பாலான காலம் சம்மதித்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். 2016 செப்டம்பரில் கிழக்கில் இருந்த ஒரு பம்ப் நிலையம் தாக்குதலில் சேதமானதும், பதிலுக்கு சுலைமான் அல் ஹலபியை நிறுத்தி மேற்குக்கும் தண்ணீரை வெட்டினார்கள். ஜனங்கள் கிணற்றுத் தண்ணீருக்குக் கேன்களோடு வரிசையில் நின்றார்கள்.

சரி, சாலைக்கு வருவோம். முற்றுகை என்றாலே பலருக்கும் 2016-ன் கிழக்கு அலெப்போதான் நினைவுக்கு வருகிறது. முதலில் முற்றுகையில் சிக்கியது மேற்கு, அதாவது அரசுப் பகுதி. 2012 அக்டோபரில் தெற்கே மஅர்ரத் அன் நுஃமான் கிளர்ச்சியாளர் கைக்குப் போனதும் எம்-5 அறுந்தது. 2013 தொடக்கத்தில் விமான நிலையம் மூடப்பட்டது. அந்த வருஷம் கோடையில் மேற்குப் பகுதியில் ரொட்டிக்கும் எரிபொருளுக்கும் பஞ்சம். ஆகஸ்ட் கடைசியில் கனாஸர் என்ற சின்ன ஊரும் விழ, அரசுக்கு அலெப்போவுக்குப் போகத் தரைவழியே இல்லை. அன்றைக்குக் கிளர்ச்சிக் குழுக்கள் ஒன்றாக நின்றிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் நிற்கவில்லை. அக்டோபரில் அரசுப்படை கனாஸரை மீட்டது, நவம்பர் முதல் தேதி ஸஃபீராவைப் பிடித்தது. ஹமாவுக்குக் கிழக்கே ஸலமிய்யா, அங்கிருந்து இத்ரியா, கனாஸர், ஸஃபீரா என்று பாலைவன ஓரமாகவும் ஜப்பூல் உப்பு ஏரியின் பக்கமாகவும் ஒரு சாலை திறந்தது.

இந்தக் கனாஸர் சாலையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அலெப்போ சண்டையின் நாயகனே அதுதான். ஒரு பக்கம் கிளர்ச்சியாளர், இன்னொரு பக்கம் ஐஎஸ், நடுவில் ஒடுக்கமான தார்ச்சாலை. மேற்கு அலெப்போவின் மாவு, டீசல், குண்டு, சிப்பாய், விடுமுறையில் போகிறவர், பிணம் எல்லாம் அதன் வழியாகத்தான். 2015 அக்டோபரில் ஐஎஸ் அதை வெட்டியது, நவம்பர் முதல் வாரத்தில் மீட்டார்கள். 2016 பிப்ரவரியில் மறுபடியும் வெட்டியது, ஒரு வாரத்தில் மீட்டார்கள். வெட்டுப்பட்ட ஒவ்வொரு தடவையும் மேற்குக் கடைகளில் விலை தாறுமாறாக ஏறியது. அந்தச் சாலை நிலைத்தவரை மேற்கு நிலைத்தது. ஊருக்குள் ஒரு கட்டடத்தை யார் பிடித்தார்கள் என்பதால் அதில் ஒரு மாற்றமும் வரவில்லை.

மேற்கு பிழைத்துக்கொண்டதும் அரசுத் தரப்பு கிழக்கின் பக்கம் திரும்பியது. 2013 டிசம்பரிலிருந்து பீப்பாய்க் குண்டு. எண்ணெய் பீப்பாய்க்குள் வெடிமருந்தும் இரும்புத் துண்டும் அடைத்து ஹெலிகாப்டரிலிருந்து தள்ளிவிடுவார்கள். கீழேயிருந்து சுடுவார்கள் என்று ஹெலிகாப்டர் உயரத்திலேயே பறக்கும், அங்கிருந்து குறி பார்க்கவே முடியாது. குறி பார்க்கத் தேவையும் இல்லை. குடியிருப்பைக் காலி செய்ய வைப்பதுதான் நோக்கம் என்றால் எங்கே விழுந்தாலும் அதன் வேலையைச் செய்துவிடும். 2014 பிப்ரவரியில் ஐநா பாதுகாப்புச் சபை தீர்மானம் 2139 பீப்பாய்க் குண்டைப் பேர் சொல்லியே கண்டித்தது. குண்டு நிற்கவில்லை. அந்த வருஷத்துக்குள் கிழக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் போய்விட்டார்கள். கிளர்ச்சியாளரும் சும்மா இல்லை, சமையல் கேஸ் சிலிண்டரை எறியும் நரகப் பீரங்கி என்ற நாட்டு ஆயுதத்தால் மேற்குக் குடியிருப்புகளை அடித்தார்கள், அங்கேயும் குழந்தைகள் செத்தார்கள். ஆனால் ஒரு தரப்பிடம் ஆகாயம் இருந்தது, மற்றதிடம் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. போர்முனையில் ஆகாயத்தை ஈடுகட்ட அவர்கள் பூமிக்கு அடியில் போனார்கள்: 2014 மே 8 அன்று கோட்டைக்கு எதிரே அரசுப்படை தங்கியிருந்த கார்ல்டன் ஹோட்டலைச் சுரங்கம் தோண்டி வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். படம் பிரமாதமாக வந்தது. போர்முனைக் கோடு ஒரு தெரு கூட நகரவில்லை.

இதற்கு நடுவே 2014 ஜனவரியில் கிளர்ச்சியாளருக்கும் ஐஎஸ்ஸுக்கும் உள்சண்டை. நகரத்திலிருந்து ஐஎஸ்ஸை விரட்டிவிட்டார்கள் என்பது உண்மை, அதற்குக் கொடுத்த விலை அதிகம். அவர்கள் கிழக்கில் ஐஎஸ்ஸோடு மல்லுக்கு நிற்கும்போது அரசுப்படை வடகிழக்காக அரைவட்டம் போட்டது. மே மாதம் மத்தியச் சிறைச்சாலையைச் சுற்றிக் கிளர்ச்சியாளர் போட்டிருந்த முற்றுகையை உடைத்தது, ஜூலையில் ஷேக் நஜ்ஜாரைப் பிடித்தது. ஊருக்குள் புகாமல் வெளியே சுற்றி வளைப்பது என்ற முடிவு அப்போதே எடுத்தாகிவிட்டது. வளையத்தை மூடத்தான் அவர்களுக்கு இரண்டு வருஷம் ஆனது, ஏனென்றால் ஆள் இல்லை. 2015 பிப்ரவரியில் வடக்கே மூட முயன்று முடியாமல் திரும்பினார்கள்.

ஆள் வெளியிலிருந்து வந்தது. லெபனானின் ஹிஸ்புல்லா, ஈராக்கின் ஷியா குழுக்கள், ஈரான் திரட்டிய ஆப்கானிய ஃபாத்திமிய்யூன் படை. இவர்களை ஒருங்கிணைத்தது ஈரானியப் புரட்சிக் காவல்படை. அதன் தளபதிகளில் ஒருவரான ஹுசைன் ஹமதானி 2015 அக்டோபரில் அலெப்போ பக்கத்தில்தான் செத்தார். அதற்குச் சில நாள் முன்னால், செப்டம்பர் 30 அன்று, ரஷ்ய விமானங்களும் சண்டையில் இறங்கின. அதுவரை அரசுப்படையால் முடியாத ஒரு காரியம் 2016 பிப்ரவரி 1 முதல் 3 வரை மூன்று நாளில் முடிந்தது: கிராமங்களின் மேல் குண்டுமழை பெய்துகொண்டே தரைப்படை முன்னேறி, வருஷக்கணக்காக முற்றுகையில் கிடந்த நுபுல், ஸஹ்ரா என்ற இரண்டு ஷியா ஊர்களைச் சென்று சேர்ந்தது. நடந்த தூரம் சில கிலோமீட்டர். அதோடு அலெப்போவிலிருந்து அஸாஸ் வழியாகத் துருக்கிக்குப் போகும் நேர்ச்சாலை அறுந்தது. ஜெனீவாவில் அப்போதுதான் தொடங்கியிருந்த பேச்சுவார்த்தையும் அதே நாளில் நின்றது.

இப்போது கிழக்கு அலெப்போவுக்கு மிச்சம் ஒரே வழி, நகரின் வடக்கு ஓரமாக மேற்கே போகும் காஸ்டெல்லோ சாலை. ஒரு பக்கம் அரசுப்படை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் மேட்டில் குர்துப் படையின் கையில் இருந்த ஷேக் மக்சூத் குடியிருப்பு, அங்கிருந்தும் சாலைமேல் துப்பாக்கிச் சூடு. ஓரமெல்லாம் எரிந்த வண்டிகள். லாரி டிரைவர்கள் இரவில் விளக்கை அணைத்துவிட்டு முழு வேகத்தில் ஓட்டினார்கள். 2016 ஜூலை 7 அன்று அரசுப்படை அதைத் துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு வந்தது, அந்த மாதத்துக்குள் சாலை முழுசாக மூடியது. உள்ளே இரண்டரை லட்சத்துக்கு மேல் ஜனங்கள் என்றது ஐநா.

ஒரே ஒரு தடவை இந்தக் கணக்கு தலைகீழானது. ஜூலை 31 அன்று கிளர்ச்சிக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து, வடக்கை விட்டுவிட்டு, யாரும் எதிர்பாராத தென்மேற்கில் ராமூஸா பக்கம் பாய்ந்தன. அங்கே இருந்தது பீரங்கிப் படைக் கல்லூரி உள்ளிட்ட பெரிய ராணுவ வளாகம். தற்கொலை வண்டிக்குண்டுகளை முன்னால் விட்டு, பின்னால் ஆட்கள். ஊருக்குள் சிறுவர்கள் டயரைக் கொளுத்திக் கரும்புகையால் ஆகாயத்தை மூடினார்கள், விமானத்துக்குக் கண் தெரியக்கூடாது என்று. ஆகஸ்ட் 6 அன்று முற்றுகை உடைந்தது. இதில் வேடிக்கை, மேற்குப் பகுதிக்குப் பிரதான வழியும் ராமூஸாதான், ஆகவே ஒரே அடியில் அதுவும் அறுந்தது. இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் முற்றுகையில்! அரசு தன் ஜனங்களுக்குச் சாமான் அனுப்ப, தான் அப்போதுதான் பிடித்திருந்த காஸ்டெல்லோ சாலையை உபயோகித்தது. சண்டை போட்டுச் சாலையை மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் ராமூஸா வழி குண்டுக்கு இடையில் ஓடும் ஒரு ஒற்றையடிப் பாதை மாதிரிதான், ஜனங்கள் போய்வரத் தோதானதே இல்லை. செப்டம்பர் 4 அன்று கல்லூரியை அரசுப்படை மீட்டது, சில நாளில் ராமூஸாவும் போனது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் முடிவுக்காகக் காத்திருந்ததுதான். ஏன் மறுபடியும் உடைக்க முடியவில்லை என்றால், காரணம் துருக்கி. 2015 நவம்பரில் ரஷ்ய விமானத்தைச் சுட்டு வீழ்த்தி முறைத்துக்கொண்ட துருக்கி, 2016 கோடையில் சமாதானத்துக்கு வந்தது. ஆகஸ்ட் 9 அன்று எர்தோவான் புதினைப் போய்ப் பார்த்தார். ஆகஸ்ட் 24 அன்று துருக்கி தன் எல்லையில் ஐஎஸ்ஸையும் குர்துகளையும் ஒதுக்க ஒரு படையெடுப்பைத் தொடங்கியபோது, அலெப்போவுக்காக நிற்க வேண்டிய கிளர்ச்சிப் போராளிகளில் கணிசமானவர்கள் அதில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சம்பளம் உண்டு, தலைக்கு மேல் நட்பு விமானம் உண்டு. எழுதிவைத்த ஒப்பந்தம் இருந்ததோ இல்லையோ, துருக்கிக்கு அல் பாப் கிடைப்பதற்காக அலெப்போவை விட்டுக்கொடுத்தார்கள் என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் பலர் இன்றும் சொல்கிறார்கள், மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. செப்டம்பர் 12 போர்நிறுத்தம் ஒரு வாரம் தாங்கியது. 19-ம் தேதி உரம் அல் குப்ராவில் ஐநா நிவாரண வண்டிகள் தாக்கப்பட்டதோடு அதுவும் போனது. ஐநா தூதர் ஸ்டஃபான் டி மிஸ்துரா, கிழக்கில் உள்ள நுஸ்ரா (அல் கொய்தா வழிவந்த கிளர்ச்சிக் குழு) போராளிகள் வெளியேறினால் நானே கூட வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தார்.

நவம்பர் 15 அன்று கடைசித் தாக்குதல். 26 அன்று கிழக்கிலிருந்த ஹனானோ குடியிருப்பு விழுந்தது. இரண்டு மூன்று நாளில் கிழக்கின் வடபாதி முழுக்கப் போனது. நான்கு வருஷம் அசையாத கோடு நான்கு வாரத்தில் கரைந்தது: பசி, மருத்துவமனைகள் எல்லாம் குண்டுக்கு இரை, வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்ற நிச்சயம். தெருச் சண்டை என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. டிசம்பர் 13 அன்று ரஷ்யாவும் துருக்கியும் பேசி முடித்தார்கள். 15-ம் தேதியிலிருந்து பச்சை நிற நகரப் பேருந்துகள் ஜனங்களையும் போராளிகளையும் ஏற்றிக்கொண்டு ராமூஸா வழியாகவே வெளியே போயின. ஈரான் தரப்பு, இத்லிபில் கிளர்ச்சியாளர் முற்றுகையில் இருந்த ஃபூஆ, கஃப்ரய்யா என்ற ஷியா ஊர்க்காரர்களையும் விட்டால்தான் ஆயிற்று என்று நின்றது, நடுவில் பேருந்துகள் எரிந்தன, கொட்டும் பனியில் குடும்பங்கள் காத்துக் கிடந்தன. 22 அன்று எல்லாம் முடிந்தபோது வெளியேறியவர்கள் சுமார் 35,000. மற்றவர்கள் ஏற்கெனவே அரசுப் பகுதிக்குள் போயிருந்தார்கள்.

இங்கே எல்லோரும் மறந்துவிடும் ஒரு விஷயம், 2024-ஐப் புரிந்துகொள்ள மிக முக்கியம். டிசம்பர் 11 அன்று, அலெப்போ வெற்றிக்கு ஒரு நாள் இரண்டு நாள் முன்னால், அதே வருஷம் மார்ச்சில் ரஷ்யாவின் துணையோடு மீட்ட பாலைவன ஊரான பல்மைராவை ஐஎஸ் திரும்பப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் இருந்த நல்ல படையெல்லாம் அலெப்போவில். அசாத் ஜெயித்த நேரத்திலேயே அவரிடம் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் நிற்கப் படை கிடையாது. வெற்றியின் பளபளப்பில் இதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் எட்டு வருஷம். 2020 பிப்ரவரியில் எம்-5 முழுசாக அரசிடம் வந்தது, விமான நிலையம் திறந்தது, மார்ச்சில் ரஷ்யாவும் துருக்கியும் ஒரு போர்நிறுத்தம் எழுதினார்கள். கோடு அலெப்போவின் மேற்கு ஓரத்திலேயே நின்றுவிட்டது. ஊரைக் கட்டியெழுப்பக் காசு வரவில்லை, 2023 பிப்ரவரி நிலநடுக்கம் மிச்சத்தையும் ஆட்டியது. போருக்கு முன் ஒரு டாலருக்கு 50 பவுண்டுக்குள் இருந்த சிரிய நாணயம் 13,000-ஐத் தாண்டியது. சிப்பாயின் மாதச் சம்பளம் சில பத்து டாலர்தான். அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறவன், சோதனைச் சாவடியில் வசூல் பண்ணிப் பிழைக்கிறவன், கட்டாயச் சேவை முடிந்தும் விடுதலை கிடைக்காதவன், இப்படிப்பட்ட படைதான் கோட்டில் நின்றது. எதிரே இத்லிபில் ஹயாத் தஹ்ரீர் அஷ் ஷாம் என்ற கிளர்ச்சி அமைப்பு அந்தக் காலத்தைச் சும்மா கழிக்கவில்லை. குழுக்களை அடித்தோ அணைத்தோ ஒரே தலைமைக்குக் கீழே கொண்டுவந்தது. ராணுவக் கல்லூரி வைத்தது, ட்ரோன் செய்தது, இரவில் பார்க்கும் கருவியோடு சிறப்புப் படை பழக்கியது. 2012-ல் இல்லாத ஒற்றைத் தலைமை 2024-ல் இருந்தது.

வெளியாட்கள் என்ன ஆனார்கள்? ரஷ்யா உக்ரைனில் மூழ்கியிருந்தது. ஹிஸ்புல்லாவை இஸ்ரேல் அந்த இலையுதிர்காலத்தில் நொறுக்கியது, செப்டம்பர் 27 அன்று அதன் தலைவர் நஸ்ரல்லாவே போய்ச் சேர்ந்தார். நவம்பர் 27 விடிகாலை லெபனானில் போர்நிறுத்தம் அமலுக்கு வந்தது, அதே நாள் இத்லிபிலிருந்து தாக்குதல் தொடங்கியது. 28-ம் தேதி ஸர்பா என்ற இடத்தில் எம்-5-ஐ வெட்டினார்கள், பாருங்கள், முதல் வேலையே சாலை. அதே நாளில் அலெப்போவிலிருந்த ஈரானியத் தளபதி கியூமர்ஸ் பூர்ஹாஷிமி கொல்லப்பட்டார். 29 அன்று மேற்குப் புறநகர் வழியாக உள்ளே வந்தார்கள், அதாவது 2012-ல் கடைசி வரை நுழைய முடியாத அதே வசதியான மேற்கு. 30 அன்று ஊரின் பெரும்பகுதியும் கோட்டையும் அவர்களிடம். ஊருக்குள் வீடு வீடாகச் சண்டை ஏறக்குறைய இல்லை.

ஆகவே உங்கள் கேள்வியில் உள்ள "அதே அரசுப்படை" என்ற இடத்தில் நான் உடன்படவில்லை. 2016-ல் அலெப்போவைப் பிடித்த படையில் கணிசமானவர்கள் லெபனான், ஈராக், ஆப்கானிஸ்தான் ஆட்கள், ஆகாயம் ரஷ்யாவுடையது. அவர்களைக் கழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்பது 2024-ல்தான் தெரிந்தது. சிலர் அன்று அலெப்போவை சிரியாவின் ஸ்டாலின்கிராட் என்று எழுதினார்கள், அது சரியான ஒப்பீடு இல்லை. ஸ்டாலின்கிராடில் இரண்டு பெரிய ராணுவங்கள் இருப்பதையெல்லாம் கொண்டுவந்து கொட்டின. அலெப்போவில் இரண்டு தரப்புமே ஜெயிக்கப் போதாத படையோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. அது நீண்டதற்கே காரணம் அந்த இயலாமைதான். இயலாமை ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியதும் மூன்று நாளில் முடிந்தது.

அலெப்போ போன பிறகும் தாங்கியிருக்க முடியுமா என்றால், ஹமாவில் நின்றிருந்தால் கொஞ்ச நாள் முடிந்திருக்கலாம். அங்கே உண்மையிலேயே சில நாள் எதிர்த்துச் சண்டை போட்டார்கள். அசாத் டிசம்பர் 4 அன்று சிப்பாய்களுக்கு 50 சதவீதச் சம்பள உயர்வு அறிவித்தார். மறுநாள் ஹமா விழுந்தது. ஹோம்ஸுக்கு வராமல் தடுக்க ரஷ்ய விமானங்கள் எம்-5-ல் ரஸ்தன் பாலத்தைக் குண்டுபோட்டன, கிளர்ச்சியாளர்கள் அதையும் கடந்து வந்தார்கள். டிசம்பர் 8 அன்று அசாத் மாஸ்கோவுக்குத் தப்பிப் போனார்.